எளிதான மென்பொருளா, வலுவான மென்பொருளா: தேர்ந்தெடுக்கும் முன் பிரித்துப் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம், மலேசிய உள்நாட்டு வருமான வாரியத்தின் மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, கட்டம் கட்டமாகச் சிறிய வணிகங்களை நோக்கி இறங்கி வந்திருக்கிறது. பத்து வருஷமாக ஒரே கணினி, ஒரே மென்பொருள் என்று ஓட்டிக்கொண்டிருந்த கடைக்காரர்களும் அச்சகத்தாரும் டியூஷன் ஆசிரியர்களும் இப்போது ஒரே சமயத்தில் புதிதாக எதையாவது தேர்ந்தெடுத்தாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறார்கள்.

கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலு விதமான ஆலோசனை கிடைக்கும். சுருக்கிப் பார்த்தால் எல்லாம் இரண்டே கட்சிதான். "யாருக்கும் புரிகிற மாதிரி எளிதாக இருக்கிறதை எடுங்கள், மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்" என்பது ஒன்று. "நாலு மாசம் கஷ்டப்பட்டாலும் முழு வசதி உள்ளதைக் கற்றுக்கொள்ளுங்கள், அதுதான் நிலைக்கும்" என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் எளிமையையும் வலுவையும் தராசின் இரண்டு தட்டு மாதிரி பேசுகின்றன, ஒன்று ஏறினால் மற்றது இறங்கியே தீரும் என்பதுபோல. உண்மையில் அவை அப்படி ஒன்றோடொன்று கட்டிப்போடப்பட்டவை அல்ல. எங்கே மோதுகின்றன, எங்கே மோதவில்லை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடிப்படை: எதை எளிது என்கிறோம், எதை வலுவானது என்கிறோம்

கடையில் ஒரு மென்பொருளை எளிது என்று காட்டும்போது நமக்குக் காட்டப்படுவது முதல் பத்து நிமிஷம் மட்டுமே. ஆனால் பயன்படுத்துகிறவருக்கு வெவ்வேறு சமயத்தில் வெவ்வேறு எளிமை தேவைப்படுகிறது.

1. முதல் நாள் எளிமை. யாரிடமும் கேட்காமல், கையேடு படிக்காமல், திரையைப் பார்த்தே வேலையைத் தொடங்க முடிகிறதா?

2. நூறாவது நாள் எளிமை. கை பழகிய பிறகு வேலை வேகமாக நடக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் அதே ஏழு பொத்தானைத்தான் அழுத்த வேண்டியிருக்கிறதா?

3. தவறு நடந்த நாள் எளிமை. எதையோ அழித்துவிட்டோம், தப்பான எண்ணைப் போட்டுவிட்டோம். அது நமக்குத் தெரியவருகிறதா? தெரிந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? இந்த மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை, ஆனால் பணமும் தூக்கமும் போவது இங்கேதான்.

வலு என்று சொல்வதற்குள்ளும் இரண்டு தனித்தனி விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வீச்சு, அதாவது எத்தனை விதமான வேலையை அதனால் செய்ய முடியும். மற்றது கோர்ப்பு, அதாவது அது செய்யும் வேலையை வேறொரு மென்பொருளோடு இணைத்து, மனிதக் கை படாமல் ஆயிரம் முறை திரும்ப ஓட்ட முடியுமா. நூற்றுக்கணக்கான பொத்தான்கள் இருந்தும் கோர்க்கவே முடியாத மென்பொருள் உண்டு. பொத்தானே இல்லாமல் எதோடும் கோர்ந்துகொள்ளும் சின்னக் கருவிகளும் உண்டு.

பணிநிலையக் கணினி என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கனமான தொழில்முறை வேலைகளுக்கென்று வொர்க்ஸ்டேஷன் என்ற பெயரில் விற்கப்படும் இவை 1980-களில் சன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் போன்ற நிறுவனங்களின் தனி வகைப் பொறிகளாக இருந்தன, பெரும்பாலும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடின. இன்று சாதாரணக் கணினிக்கும் அதற்கும் இடைவெளி குறுகிவிட்டது. நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் இசிசி நினைவகம், குறிப்பிட்ட பொறியியல் மென்பொருள்களோடு சோதித்துச் சான்றளிக்கப்பட்ட கிராஃபிக்ஸ் டிரைவர், நாள் கணக்கில் முழு வேகத்தில் ஓடினாலும் தாங்கும் குளிரூட்டல்: மிச்சமிருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பிளவு எங்கே தொடங்கியது

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். ஒரே வேலையை ஒழுங்காகச் செய்யும் சின்னச் சின்னக் கருவிகள், ஒன்றின் வெளியீட்டை அப்படியே அடுத்ததன் உள்ளீடாக அனுப்பும் குழாய் என்ற வசதி. அங்கேயே வேலை பார்த்த டக் மெக்கில்ராய் வலியுறுத்தி வந்த இந்தக் குழாய் 1973-இல் அதில் சேர்ந்தது. கோர்ப்பு என்று மேலே சொன்னதன் மூல வடிவம் இதுதான். அதே 1973-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆல்டோ என்ற கணினி ஓடத் தொடங்கியது. ஜன்னல், சுட்டி, திரையில் தெரிவதே அச்சில் வருவது என்று இன்று நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பலவும் அங்கே ஒன்றுசேர்ந்து உருப்பெற்று, 1984-இல் மெக்கின்டாஷ் வழியாக வீடுகளுக்கு வந்தன.

அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, வெட்டி ஒட்டும் வசதிக்கு இன்றைய உருவம் கொடுத்தவர்களில் ஒருவரும் பிறகு ஆப்பிளுக்குப் போனவருமான லாரி டெஸ்லர் ஒரு கருத்தைச் சொன்னார், இந்த விவாதம் முழுவதற்கும் அதுதான் சாவி. ஒவ்வொரு வேலைக்கும் இயல்பாகவே குறிப்பிட்ட அளவு சிக்கல் உண்டு, அதை ஒழித்துவிட முடியாது, அதை யார் சுமப்பது என்பது மட்டுமே கேள்வி என்றார். மென்பொருள் எழுதுகிறவர் ஒரு வாரம் கூடுதலாக உழைத்துச் சுமக்கலாம். இல்லாவிட்டால் லட்சக்கணக்கான பயனர்கள் ஒவ்வொருவரும் தினமும் கொஞ்சம் சுமக்க வேண்டிவரும்.

இதை வைத்துப் பார்த்தால், ஒரு மென்பொருள் எளிதாகத் தெரிவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். எழுதியவர் சிக்கலைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டார் என்றால் அது நல்ல எளிமை. சிக்கலைக் கண்ணில் படாமல் தள்ளிவைத்துவிட்டார், அது பிற்பாடு வேறெங்கோ வெடிக்கும் என்றால் அது கடன் வாங்கிய எளிமை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால்தான் இத்தனை பேர் ஏமாறுகிறார்கள்.

கிட்டப் போய்ப் பார்ப்போம்: மின் விலைப்பட்டியல்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாரியத்துக்கு விலைப்பட்டியல் அனுப்ப அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது, மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

1. வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்தில் நேரடியாகப் படிவம் நிரப்புவது. இலவசம், முதல் நாளே தொடங்கிவிடலாம். ஆனால் விற்பவர், வாங்குபவர், வரி அடையாள எண், பொருள் வகைக் குறியீடு என்று ஒரு விலைப்பட்டியலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தரவுப் புலங்களுக்கு இடம் உண்டு. எல்லாமே கட்டாயமில்லை என்றாலும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பட்டியல் என்றால் சமாளிக்கலாம், அறுபது என்றால் அதற்கென்றே ஒருவரை உட்கார வைக்க வேண்டியதுதான்.

2. அதே தளத்தில், விரிதாளில் மொத்தமாக நிரப்பிப் பதிவேற்றுவது. எக்ஸல் தெரிந்தவர் யாராவது வேண்டும்.

3. கடையின் கணக்கு மென்பொருள் ஏபிஐ என்ற இணைப்பு வழியாக வாரியத்தின் கணினியோடு நேரடியாகப் பேசுவது. எக்ஸ்எம்எல் அல்லது ஜேசான் என்ற கணினி படிக்கும் வடிவில் தகவல் போகும். அமைத்துக்கொடுக்க ஆளும் பணமும் வேண்டும், அமைத்த பிறகு காசாளர் வழக்கம்போல் பில் போட்டால் போதும்.

இப்போது எது எளிது? முதல் நாளுக்கு முதலாவது, நூறாவது நாளுக்கு மூன்றாவது. "எளிதானதை எடுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் பொருளே இல்லாமல் போவது இப்படித்தான், எந்த நாளுக்கு எளிது என்று சொன்னால்தான் அது ஆலோசனை.

இரண்டாவது வழியில் இருக்கும் ஒரு பொறியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் விவரங்களைப் பலர் எக்ஸலில் வைத்திருக்கிறார்கள். நம் அடையாள அட்டை எண் பிறந்த தேதியில் தொடங்குகிறது, வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில். 2003 மார்ச் 15-இல் பிறந்தவரின் எண் 030315 என்று ஆரம்பிக்கும். கோடு இல்லாமல் அதை எக்ஸலின் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்ஸல் அதைத் தொகை என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும், பன்னிரண்டு இலக்கம் பதினொன்றாகிவிடும். 2000-இல் பிறந்தவருக்கு முன்னால் குறைந்தது இரண்டு பூஜ்யம், எல்லாமே போகும். 012 என்று தொடங்கும் கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. பதினைந்து இலக்கத்துக்கு மேல் உள்ள எண் என்றால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகவே மாறிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எண்களை எழுத்தாக நடத்தச் சொல்லி அந்தப் பத்தியை முன்கூட்டியே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவைத்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அது தெரிந்திருக்க வேண்டுமே.

கடன் வாங்கிய எளிமை என்று சொன்னது இதைத்தான். நீங்கள் தட்டுவது எண்ணா, தேதியா, பெயரா என்று கேட்டுத் தொல்லை கொடுக்காமல் எக்ஸல் தானே யூகித்துக்கொள்கிறது. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். தப்பும்போது மட்டும் சத்தமில்லாமல் தப்பும். மனித மரபணுக்கள் சிலவற்றின் குறியீட்டுப் பெயர்களை எக்ஸல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகவே 2020-இல் மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டியிருந்தது. மைக்ரோசாப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவைக்கும் வசதியை 2023-இல்தான் பரவலாகக் கொடுத்தது. அதே 2020-இல் பிரிட்டனில் 15,841 கோவிட் நோயாளிகளின் பதிவு பல நாள் கணக்கில் வராமல் போனதற்கும் பழைய எக்ஸல் கோப்பு வடிவத்தின் 65,536 வரிசை எல்லைதான் காரணம். நிரம்பியதும் மிச்சத் தரவு உள்ளே ஏறவில்லை, அதைக் கவனிக்கவும் ஆள் இல்லை.

வாரியத்தின் முறையில் தவறு நடந்த நாளுக்கு ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். விலைப்பட்டியல் சரிபார்க்கப்பட்டதிலிருந்து 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், வாங்கியவர் நிராகரிக்கவும் கோரலாம். அதற்குப் பிறகு திருத்த வேண்டுமானால் கடன் குறிப்பு, பற்றுக் குறிப்பு என்று தனி ஆவணம் போட வேண்டும். ஆகவே மென்பொருள் விற்கிறவரிடம் பில் போடுவதை மட்டும் செய்துகாட்டச் சொல்லாதீர்கள். நேற்றுப் போட்ட தப்பான பில்லை ரத்து செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள்.

தமிழ் எழுத்து என்று வந்தால்

அச்சகங்களிலும் வடிவமைப்பாளர்களிடமும் இந்தக் கேள்வி வேறு முகம் காட்டுகிறது. பொதுவாக ஃபோட்டோஷாப்பும் இன்டிசைனும் வலுவானவை, கேன்வா எளிது என்பார்கள். வீச்சில் அது சரி. ஆனால் தமிழில் ஒரு கல்யாண அழைப்பிதழ் செய்ய உட்கார்ந்தால் வரிசை மாறுகிறது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் "கொ" என்பது ககரமும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வரையும் இயந்திரத்தின் வேலை. வலைஉலாவியில் ஓடும் கருவிகளில் அந்த வேலை தானாகவே நடந்துவிடும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் உலக மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஃபோட்டோஷாப்பின் பல பழைய பதிப்புகளிலும் தெற்காசிய மொழிகளுக்கான விருப்பத்தைத் தேடி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கொம்பு இடம் மாறி நிற்கும். வசதி உள்ளே இருக்கிறது, ஆனால் அதை அறிந்தவருக்கு மட்டும்.

இதனால்தான் யூனிகோடுக்கு முந்தைய பழைய முறை எழுத்துருக்கள் இன்னும் சாகவில்லை. அவற்றில் கொம்பு தனி எழுத்து, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டினால் எந்த மென்பொருளிலும் சரியாக நிற்கும். கை பழகியவருக்கு அதைவிட எளிது கிடையாது. விலை என்னவென்றால், அந்தக் கோப்புகளில் யூனிகோட் தமிழில் தட்டித் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் வெட்டி ஒட்டினால் தமிழாக வராது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஒன்றும் புரியாத குறிகளாகிவிடும். இந்தச் சுமையைப் பயனர் தலையிலிருந்து இறக்குவதற்காக நம் ஊரிலேயே நீண்ட உழைப்பு நடந்திருக்கிறது. முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் தட்டுவதற்கான முரசு அஞ்சலை 1985-இல் தொடங்கினார், 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. இன்று கைப்பேசியில் யாரும் யோசிக்காமல் தமிழில் தட்டுகிறார்கள் என்றால் டெஸ்லர் சொன்ன அந்தச் சிக்கலை வேறு யாரோ வாங்கிச் சுமந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாயான் லெப்பாஸில் ஏன் இன்னும் கட்டளை தட்டுகிறார்கள்

பினாங்கில் 1972-இல் இன்டெல் வந்ததிலிருந்து பாயான் லெப்பாஸ் சில்லு (சிப்) தொழிலின் ஊராகிவிட்டது. சில்லு வடிவமைப்புப் பொறியாளர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும் யூனிக்ஸ் பாணி இயங்குதளமான லினக்ஸ் உள்ள பணிநிலையங்களிலோ சர்வர்களிலோ ஓடுகின்றன, ஜன்னலும் பொத்தானும் இருந்தாலும் முக்கிய வேலை டிக்கிள் என்ற மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு வழியாகத்தான் நடக்கும். சில்லு வடிவமைப்புக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கட்டளை மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த தொல்லை தாங்காமல்தான் ஜான் ஆஸ்டர்ஹவுட் 1988-இல் பெர்க்லியில் டிக்கிளை எழுதத் தொடங்கினார்.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இது பழங்காலத்து விஷயமாகத் தெரியும். காரணம் பிடிவாதம் இல்லை. பொத்தான் அழுத்திச் செய்த வேலைக்குப் பொதுவாகச் சுவடு இல்லை, யார் எதை எந்த வரிசையில் அழுத்தினார்கள் என்று அடுத்த வாரம் யாருக்கும் தெரியாது. ஸ்கிரிப்ட் என்றால் செய்த வேலையே எழுத்தாக நிற்கும். படிக்கலாம், சக ஊழியரிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம், ஒரே ஒரு எண்ணை மாற்றி இரவு முழுக்க இருநூறு முறை ஓடவிடலாம். கோர்ப்பு இருப்பதால் தவறு நடந்த நாள் எளிமையும் கூடவே வருகிறது, முதல் நாள் மட்டும்தான் கஷ்டம்.

இப்போது அந்த முதல் நாள் கஷ்டமும் குறைந்துவருகிறது. செயற்கை நுண்ணறிவிடம் தமிழிலேயே கேட்டால்கூட ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறது. நல்ல விஷயம்தான், ஆனால் வந்ததைப் படித்துப் பார்த்து இது என் கோப்பை அழிக்குமா என்று சொல்லத் தெரியாதவர் அதை ஓட்டக் கூடாது.

எளிதாக்கும்போது எதைக் கழிக்கிறார்கள்

2011 ஜூனில் ஆப்பிள் தன் காணொளித் தொகுப்பு மென்பொருளை அடியிலிருந்து திரும்ப எழுதி ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்று வெளியிட்டது. புதியவர்களுக்கு எளிது, வேகமும் அதிகம். ஆனால் பழைய பதிப்பில் செய்த வேலைகளைத் திறக்கவே முடியவில்லை, பல கேமராக் காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும் வசதி இல்லை, மற்ற மென்பொருளுக்கு வேலையை அனுப்பும் வழியும் இல்லை. தொழில்முறைத் தொகுப்பாளர்கள் கொதித்தார்கள், பலர் அடோபி பிரீமியருக்கும் ஆவிடுக்கும் மாறினார்கள். விடுபட்ட வசதிகளில் சில மாதங்களிலேயே திரும்ப வந்தன, போனவர்களில் பலர் வரவில்லை. ஆப்பிள் கழித்தது வீச்சை மட்டுமென்றால் அவர்கள் பொறுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். கோர்ப்பையும் சேர்த்துக் கழித்ததுதான் அடி.

பிளெண்டர் வேறு மாதிரி போனது. முப்பரிமாண வேலைக்கான இந்த இலவச மென்பொருள், வலது பக்கப் பொத்தானால் தேர்ந்தெடுக்க வைத்துப் புதியவர்களை நெடுங்காலம் விரட்டிக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடது பக்கத்தை இயல்பாக்கினார்கள், வேலைக்கேற்ற திரை அமைப்புகளைத் தந்தார்கள், பழகியவர்கள் விரும்பினால் வலது பக்கத்தையே வைத்துக்கொள்ளவும் விட்டார்கள். உள்ளே இருந்த வலு அப்படியே இருந்தது. முதல் நாள் எளிமையைக் கூட்ட நூறாவது நாளை வெட்டத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. உழைப்பு நிறைய ஆகும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த வேலையை மாதத்துக்கு எத்தனை முறை செய்யப்போகிறோம்? வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளி வாழ்த்து அட்டை செய்கிறவர் இன்டிசைன் கற்பது வீண். தினமும் அதையே செய்கிறவர் கற்காமல் இருப்பது அதைவிடப் பெரிய வீண்.

2. தேர்ந்தெடுப்பவர்தான் பயன்படுத்தப் போகிறவரா? முதலாளி பார்ப்பது செய்துகாட்டும் பத்து நிமிஷம், கணக்கர் பார்ப்பது முந்நூறு நாள். கணக்கரை உட்காரவைத்துத் தேர்ந்தெடுங்கள்.

3. வேலையை வெளியே எடுக்க முடியுமா? எல்லா வாடிக்கையாளர், எல்லா விலைப்பட்டியல், எல்லாப் படம், இன்னொரு மென்பொருள் படிக்கும் வடிவத்தில். சந்தா நின்ற மறுநாளும் இது நடக்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் தப்பான மென்பொருளை எடுத்துவிட்டாலும் தரவு கையில் இருந்தால் தப்பித்துவிடலாம்.

4. தமிழ் சரியாக வருகிறதா? "கொ", "ஸ்ரீ", "ஞௌ" மூன்றையும் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து வெட்டி வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள்.

கையில் இருக்கும் விண்டோஸ் 10 கணினி

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். அது இல்லாத கணினி உடனே குப்பை ஆகிவிடாது. வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாப்ட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு தருகிறது. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் அவர்களின் ரிவார்ட்ஸ் புள்ளி 1000 அல்லது 30 அமெரிக்க டாலர். கடைக் கணினிகளுக்கு விதி வேறு, கட்டணமும் வேறு.

லினக்ஸுக்கு மாறச் சொல்கிறவர்களும் தப்பாகச் சொல்லவில்லை. லினக்ஸ் மின்ட் மாதிரியான பதிப்புகள் முதல் நாளுக்கே எளிதாகிவிட்டன, உலாவியும் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச அலுவல் மென்பொருளும் போதும் என்கிற மாணவருக்குப் பழைய மடிக்கணினியில் அது தாராளமாக ஓடும். ஆனால் உள்ளூர்க் கணக்கு மென்பொருள்கள் பல விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை, கடைக் கணினியில் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். எதுவும் நிறுவாமலேயே யூஎஸ்பி பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்க முடியும். பிரிண்டர், வைஃபை, தமிழ் விசைப்பலகை, வங்கித் தளம், மைஇன்வோய்ஸ் எல்லாம் அதில் ஓடுகிறதா என்று ஒரு மாலை உட்கார்ந்து சோதியுங்கள், கோப்புகளை வேறொரு வட்டில் காப்பெடுத்து வையுங்கள், அப்புறம் பழைய விண்டோஸை அழிக்கலாம்.